வசந்தாமணி ஓட்டிப் பார்த்த வண்டிகள்

சங்ககிரி பைபாஸில், டயர் கடைக்கும் எடைமேடைக்கும் நடுவே இருந்த வசந்தாமணியின் பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தகரக் கதவில் யாரோ ஒரு டிரைவர் சுண்ணாம்பால் எழுதிவிட்டுப் போன வரிதான் பலகை: ‘இங்கு கோடு அழிக்கப்படும்.’

கோடு என்றால் வண்டியின் கம்ப்யூட்டர் தன் கோளாறைச் சொல்லும் நம்பர். ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகினால் நம்பர் திரையில் வரும். எந்தப் பாகத்துக்கு உடம்பு சரியில்லையோ அதைச் சரிசெய்துவிட்டு நம்பரை அழிக்க வேண்டும். சரிசெய்யாமல் அழித்தால் நூறு கிலோமீட்டர் போவதற்குள் திரும்ப வந்து நிற்கும். வசந்தாமணிக்கு ஐம்பத்தொரு வயது. இருபத்தாறு வருஷமாக நம்பர்களை அழித்துக்கொண்டிருந்தாள். ஓசூரில் கம்பெனி வேலையில் பதினோரு வருஷம், மீதி இங்கே. சில நாட்களில் சாப்பிட உட்கார்ந்தால் எழுந்திருக்கவே தோன்றாது. வேலைக் களைப்பு என்று நினைத்துக்கொள்வாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு சட்டம் வந்தது. புது வண்டிகள் குறுக்கே ஏதாவது வந்தால் தாமே பிரேக் போட்டுக்கொண்டன. பழைய வண்டிகளுக்கு மனிதன்தான் போட வேண்டும். அதனால் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஓடிய எல்லா வண்டியிலும் டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு பெட்டி வைத்தார்கள். அது ஓட்டுகிறவரைக் கவனித்தது. கண் எங்கே பார்க்கிறது, கை எவ்வளவு நடுங்குகிறது, முன்னால் ஒரு ஆடு வந்தால் கால் பிரேக்குக்குப் போக எவ்வளவு நேரமாகிறது, எல்லாவற்றையும் அளந்தது. அளவு தப்பினால் ஒரு நம்பர். என்ஜின் கோளாறுக்கு பி வரிசை, டிரைவர் கோளாறுக்கு டி வரிசை. டிரைவர்கள் அந்தப் பெட்டிக்கு வைத்த பெயர் கோள்மூட்டி.

டி நம்பர் ஒன்று முப்பது நாள் அழியாமல் இருந்தால் லைசென்ஸ் தானாக முடங்கிவிடும். அழிக்க இரண்டு வழி. நரம்பு டாக்டர் ஆளைப் பார்த்து நல்லா இருக்கிறார் என்று எழுதித் தரலாம். டாக்டரிடம் தேதி கிடைக்க ஐந்து மாதம் ஆகும். இல்லாவிட்டால், அங்கீகாரம் பெற்ற பட்டறை ஒன்று ‘ஆளிடம் கோளாறு இல்லை, கருவியில்தான் கோளாறு’ என்று எழுதித் தரலாம். ஆகவே எல்லோரும் பட்டறைக்கு வந்தார்கள்.

மற்ற பட்டறைக்காரர்கள் பார்க்காமலே எழுதிக் கொடுத்தார்கள். வசந்தாமணிக்கு அது பிடிக்கவில்லை. அவளுக்குத் தெரிந்த முறை ஒன்று இருந்தது. ஒரு பாகத்தின் மேல் சந்தேகம் வந்தால், அதைக் கழற்றிவிட்டு நல்லது என்று தெரிந்த பாகத்தை மாட்டிப் பார்ப்பது. நம்பர் போய்விட்டால் கழற்றிய பாகம்தான் கெட்டது. டிரைவரை இறக்கிவிட்டு அந்த சீட்டில் அவளே உட்கார்ந்தாள். ரயில் நிலையம் வரை போய்த் திரும்பினாள். அவள் ஓட்டியும் நம்பர் வந்தால் பெட்டி கெட்டது. வராவிட்டால் ஆள்.

முதல் இரண்டு வருஷத்தில் பத்தொன்பது பேரிடம், “பெட்டி சரியாத்தான் இருக்குதுங்க, நீங்க டாக்டரப் பாருங்க” என்று சொல்லி அனுப்பினாள். ஒருவர் வாசலிலேயே அழுதார். ஒருவர் காறித் துப்பிவிட்டுப் போனார். பிறகு பிறகு அப்படிச் சொல்ல வேண்டிய அவசியம் குறைந்துகொண்டே வந்தது. அவள் ஓட்டிய வண்டிகளில் எல்லாம் அவளுக்கும் நம்பர் வந்தது. பெட்டிகளுக்கும் வயசாகிவிட்டது, ஒயர் எல்லாம் துருப்பிடித்துவிட்டது என்று அவள் முடிவுசெய்தாள். பெட்டி செய்த கம்பெனியே மூடிப் போயிருந்தது. வசந்தாமணியக்கா ஓட்டிப் பார்த்துச் சொன்னால் அதற்கு மேல் கேள்வி இல்லை என்று நாமக்கல் வரை பேச்சு.

செங்கோட்டுவேல் அன்று காலையில் நூற்பாலைக்கு ஆள் இறக்கிவிட்டு நேராகப் பட்டறைக்கு வந்தார். ஐம்பத்தெட்டு வயது. பத்தொன்பது வருஷத்து மினி பஸ் ஒன்றில் தினமும் நாற்பத்திரண்டு பெண்களை மில்லுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருகிறவர். பொம்பளை பட்டறை என்று ஒருவரும் வராத காலத்தில், தான் ஓட்டிய பஸ்ஸை முதலில் கொண்டுவந்து நிறுத்தியதோடு பத்து லாரிக்காரர்களையும் கையோடு கூட்டிவந்தவர் அவர்தான்.

“அம்முணி, மறுக்கா அந்தக் கெரகம் வந்துருச்சு” என்றார் இறங்காமலே.

“டி-பதினாலுங்களா?”

“அதேதான்.”

டி-14 என்றால் கால் தாமதம். ஏற்கெனவே மூன்று தடவை வந்திருந்தது. மூன்று தடவையும் அவள் இணைப்புகளைச் சுத்தம் செய்து, ஒயரை மாற்றி, அழித்துக் கொடுத்திருந்தாள். ஓட்டிப் பார்க்கவில்லை. ஓட்டிப் பார்த்து நம்பர் வராமல் போனால் அவரிடம் என்ன சொல்வது என்ற பயம் அவளுக்கு இருந்தது.

“கால்ல மரமரப்பு ஏதாச்சும் இருக்குதுங்களாண்ணா?”

“கால் கல்லு மாதிரி இருக்குது. முப்பத்தேழு வருசமா ஓட்டறேன், ஒரு கோழிய அடிச்சதில்ல. அந்தப் பொட்டி சொல்றத நம்பறயா, நான் சொல்றத நம்பறயா?”

“எறங்குங்க. நான் ஓட்டிப் பாக்கறேன்.”

அவர் இறங்கி மறுபக்கம் ஏறிக்கொண்டார். வசந்தாமணி ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டினாள். ரயில் நிலைய ரோட்டில் ஒரு மொபெட்காரர் கையைக்கூடக் காட்டாமல் திரும்பினார். பிரேக்கை மிதித்தாள். திரும்பி வரும்போது நாய் ஒன்று. மறுபடி மிதித்தாள். பட்டறை வாசலுக்கு வந்து நிறுத்துவதற்குள் ஸ்கேனர் கீச்சென்றது. டி-14.

“உனக்குமா?” என்றார் செங்கோட்டுவேல்.

“எனக்கும்தான்.”

அவர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். “நான்தான் சொன்னேன்ல! பொட்டி குப்பைன்னு!” சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். வசந்தாமணிக்கும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது போலிருந்தது. ‘கருவிக் கோளாறு’ என்று பதிவுசெய்து, நம்பரை அழித்து, சான்று கொடுத்து அனுப்பினாள்.

ஒன்பதாம் நாள் காலை ஏழே காலுக்கு, மில் வாசலில், செங்கோட்டுவேலின் பஸ் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனது. முந்தின பஸ்ஸிலிருந்து இறங்கி குறுக்கே நடந்த பரிமளா என்ற பெண்ணின் மேல் மோதியது. வேகம் அதிகமில்லை. ஆனால் அவள் பஸ்ஸுக்கும் கேட்டுக் கம்பத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டாள். இடது தொடை எலும்பு இரண்டு இடத்தில் உடைந்தது. இருபத்து நான்கு வயது.

போலீஸ் வந்து பார்த்தது. பஸ்ஸின் பதிவில் வசந்தாமணியின் சான்று இருந்தது. பழைய வண்டி, பிரேக் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று எழுதிக்கொண்டு, பெட்டியில் இருந்த டி-14ஐயும் கருவிக் கோளாறு என்றே அழித்துவிட்டு, நான்கு நாள் கழித்து வண்டியை விட்டார்கள். பிரேக்கைப் பரிசோதித்து அறிக்கை தரும்படி மில்காரர்கள் அதை வசந்தாமணியிடமே அனுப்பினார்கள்.

ஓட்டிக்கொண்டு வந்தவள் கௌசல்யா. மில் புதிதாக வேலைக்கு எடுத்திருந்த டிரைவர், இருபத்தாறு வயது, கனரக லைசென்ஸ் வைத்திருந்தாள்.

“சாவிங்க்கா” என்று நீட்டினாள். “பிரேக்கு நல்லாத்தான் பிடிக்குது. வர்ற வழியில ஒரு எருமை குறுக்க வந்துச்சு, டக்குனு நின்னுருச்சு.”

வசந்தாமணி சக்கரங்களை எல்லாம் கழற்றிப் பார்த்தாள். பிரேக்கில் ஒரு குறையும் இல்லை. பிறகு பழக்கத்தில் ஸ்கேனரைச் செருகினாள். டி-14 திரும்ப வந்திருக்கும், அழித்துவிட்டு அறிக்கை எழுதலாம் என்று பார்த்தாள். திரை காலியாக இருந்தது.

பிளக்கைப் பிடுங்கித் துடைத்து மறுபடி செருகினாள். காலி.

“எத்தனை தடவை பிரேக் போட்டிருப்ப?”

“எட்டு கிலோமீட்டருங்க்கா, பத்துப் பதினஞ்சு தடவை போட்டிருப்பேன்.”

“இன்னொருக்கா ஸ்டேசன் வரைக்கும் போயிட்டு வா. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்.”

போய்வந்தார்கள். பெட்டி ஒவ்வொரு தடவையும் அளந்தது. அளவெல்லாம் சரியாக இருந்தது. நம்பர் வரவில்லை. பட்டறைக்குத் திரும்பியதும் வசந்தாமணி சீட் மாறி உட்கார்ந்தாள். அதே ரோடு, அதே வெயில். திரும்பி வரும்போது ஸ்கேனர் கீச்சென்றது.

“உங்களுக்குத்தான்க்கா வருது” என்றாள் கௌசல்யா. அவளுக்கு அதன் அர்த்தம் தெரியாது.

வசந்தாமணி பஸ்ஸிலிருந்து இறங்கினாள். பின்பக்கம் ஒரு டாரஸ் லாரி நின்றது. பெட்டி கெட்டது என்று முந்தாநாள்தான் அவள் ஓட்டிப் பார்த்துச் சொன்ன வண்டி. அதன் சாவியை எடுத்துக் கௌசல்யாவிடம் கொடுத்தாள். அந்தப் பெண் ஓட்டினாள். நம்பர் இல்லை.

வாசலில் கிடந்த டயர் மேல் வசந்தாமணி உட்கார்ந்துவிட்டாள். நல்லது என்று தெரிந்த பாகம் என்று நினைத்துத்தான் இத்தனை நாளாகத் தன்னை ஒவ்வொரு வண்டியிலும் மாட்டிப் பார்த்திருந்தாள். கடைசியாக எப்போது தனக்கு நம்பர் வராமல் இருந்தது என்று யோசித்தாள். போன வருஷம் ஆடி மாதம். அதற்குப் பிறகு எழுபத்து மூன்று வண்டிகள்.

“நான் ஏதாச்சும் தப்பா ஓட்டிட்டனாக்கா?”

“இல்ல சாமி” என்றாள் வசந்தாமணி. “நீ சரியாத்தான் ஓட்டற.”

மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பரிமளாவின் காலில் கம்பி வைத்துக் கட்டிலின் தலைமாட்டை உயர்த்தியிருந்தார்கள். பக்கத்து ஸ்டூலில் செங்கோட்டுவேல் இளநீரை டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தார். மோதின நாளிலிருந்து தினமும் வருகிறாராம்.

“வாங்க்கா” என்றாள் பரிமளா. குரல் மெலிந்திருந்தது. “நீங்கதான் வண்டியப் பாக்கறவங்களா? வண்டில கோளாறுன்னு போலீசுல சொன்னாங்க. அண்ணன் பாவம், இங்கயே வந்து உக்காந்துக்கறாரு. அவரு என்ன பண்ணுவாரு.”

வசந்தாமணி அவரை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள். மருந்து வாசனையும் ஃபினாயிலும் கலந்து அடித்தது. சுவரோரம் நின்று, கௌசல்யா ஓட்டியதையும் லாரியை ஓட்டியதையும் ஒன்று விடாமல் சொன்னாள். 

“அப்ப பொட்டி நல்லாருக்குது” என்றார் கடைசியில்.

“நல்லாத்தான் இருக்குதுங்க.”

“கால்தான்.”

“உங்க காலும் என் காலும்.”

அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டார். சரியாக இருந்த வேட்டியை மறுபடி சரிசெய்தார். “இது யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும். இப்ப உங்களுக்கு.”

“அப்ப விட்டுரு அம்முணி. நான் இனிமே சாவியத் தொடல. சத்தியமா. வண்டிக் கோளாறுன்னே முடிஞ்சு போகட்டும். உன் பட்டறையும் நிக்கும்.”

“இன்னும் எழுபத்திரண்டு பேரு ஓட்டிட்டு இருக்காங்கண்ணா. நீங்க நல்லாருக்கீங்கன்னு நான் சொன்னத நம்பித்தான் ஓட்டறாங்க.”

வராந்தாவில் யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இருவரும் சுவரோடு ஒட்டி வழிவிட்டார்கள். அது போன பிறகும் செங்கோட்டுவேல் சுவரை விட்டு நகரவில்லை.

“எனக்குத் தெரியும்” என்றார். “முதல் தடவை நம்பர் வந்தப்பவே தெரியும். போன்னு சொன்னா கால் ஒரு நிமிசம் நின்னு யோசிச்சுட்டுத்தான் போகும். படியில எறங்கறப்பத் தெரியும். வயசு ஆகுதுன்னு விட்டேன். நீ ஓட்டி உனக்கும் வந்துச்சுன்ன உடனே, அப்பாடா, நான் நெனச்சது பொய்யின்னு இருந்துச்சு. என்னை நம்பறதவிட உன்னை நம்பறது சுளுவா இருந்துச்சு அம்முணி.”

அவளுக்கு அவரைத் திட்டத் தோன்றவில்லை. திட்டுவதற்கும் தெம்பு வேண்டும்.

“அந்தப் புள்ளைகிட்ட நான் சொல்லிக்கறேங்க” என்றாள்.

“வேண்டாம்.” அவரே உள்ளே போனார்.

வசந்தாமணி கதவருகே நின்றாள். அவர் ஸ்டூலில் உட்காராமல் நின்றபடி பேசினார். என்ன சொன்னார் என்பது முழுக்கக் கேட்கவில்லை. பரிமளாவின் குரல் மட்டும் கேட்டது.

“தெரிஞ்சுதான் ஓட்டுனீங்களா?”

“தெரிஞ்சுதான் சாமி.”

 பரிமளா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ஊற்றி வைத்த இளநீரை அவள் தொடவில்லை. அவரும் எடுத்துக்கொண்டு போகவில்லை.

அடுத்த இரண்டு வாரம் வசந்தாமணி போனும் கையுமாக இருந்தாள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு நடந்ததை எழுதிக் கொடுத்ததில் முதல் வேலையாக அவளுடைய அங்கீகாரத்தை நிறுத்திவைத்தார்கள். சான்றுகள் எல்லாம் ரத்தாகும், ஆனால் அதற்குக் கடிதம் போய்ச்சேர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். அந்த ஒரு மாதம் அவர்கள் ரோட்டில் இருப்பார்கள். அதனால் அவளே ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள்.

“நான் சங்ககிரி வசந்தாமணி பேசறேங்க. உங்க வண்டியில பொட்டி கெட்டுப்போச்சுன்னு சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன். பொட்டி நல்லாருக்குது. நீங்க வண்டிய ஓரமா நிறுத்துங்க.”

சிலர் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். சிலர் சிரித்தார்கள், அவள் விளையாடுகிறாள் என்று. ராசிபுரத்துக்காரர் ஒருவர், “ஒரு மாசங் கழிச்சுச் சொல்லியிருந்தா என்னக்கா, புள்ளைக்குக் கல்யாணம் வெச்சிருக்கேன்” என்று கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்லும் முன்பே அழ ஆரம்பித்தார். ஒருவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் வைத்தார். அவர் வண்டியை நிறுத்தினாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஐம்பத்தெட்டாவது நம்பரில் ஒரு பெண் எடுத்தாள்.

“அவரு போயி மூணு மாசம் ஆச்சுங்க. தொப்பூர்ல. நின்ன லாரி மேல போயி வுட்டுட்டாரு. தூங்கிட்டாருன்னு சொன்னாங்க. நீங்க யாருங்க?”

வசந்தாமணி பெயரைச் சொன்னாள்.

“ஓ, ஓட்டிப் பாத்துக் குடுத்தவங்களா? உங்களப் பத்திச் சொல்லிட்டே இருப்பாரு. வயித்துல பால் வார்த்தவங்கன்னு.”

 சும்மாதான் கூப்பிட்டேன் என்று சொல்லி வசந்தாமணி வைத்துவிட்டாள். அன்று வேறு யாரையும் கூப்பிடவில்லை. மறுநாள் தொப்பூர் பட்டறை ஒன்றில் அவர் வண்டிப் பெட்டியின் கடைசிப் பதிவைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். முகம் கழுவிவிட்டு அதே நம்பரை அடித்தாள். இந்தத் தடவை உட்காராமல் நின்றுகொண்டே முழுவதையும் சொன்னாள். ‘ஆளிடம் கோளாறு இல்லை’ என்று தான் எழுதிக் கொடுத்திருக்காவிட்டால் அவர் அன்றைக்கு ஓட்டியிருக்க மாட்டார் என்பதையும் சொன்னாள்.

 அந்தப் பக்கம் குக்கர் விசிலடித்தது.

“அப்ப அவரு தூங்கலைங்களா?” என்றாள் அந்தப் பெண்.

“தூங்கலைங்க.”

“குடிச்சிட்டுத் தூங்கிட்டான்னு எங்க மாமனார் வீட்டுல இன்னிக்கு வரைக்கும் பேச்சு. நானும் அப்படித்தான் நெனச்சேன். மூணு மாசமா அவரத் திட்டிட்டே இருந்தேன்.” மூச்சு வாங்குவது கேட்டது. “முழிச்சிட்டுத்தான் இருந்திருக்காரு.”

“முழிச்சிட்டுத்தான் இருந்தாருங்க. பிரேக்கும் போட்டிருக்காரு. கொஞ்சம் பிந்திருச்சு.”

அந்தப் பெண் போனை வைக்கவில்லை. வசந்தாமணியும் வைக்கவில்லை. 

வசந்தாமணிக்கும் செங்கோட்டுவேலுக்கும் சேலத்து நரம்பு டாக்டரிடம் ஐந்து மாதம் கழித்து ஒரே நாளில் தேதி கிடைத்தது. பரிமளாவின் வழக்கு முடியவில்லை. எப்போது கூப்பிட்டாலும் வந்து நிற்பதாகச் செங்கோட்டுவேல் போலீசில் எழுதிக் கொடுத்திருந்தார். எதனால் இந்த வியாதி, இத்தனை வருஷப் புகையா, தூக்கமில்லாத வேலையா, வெறும் வயசா, டாக்டர்தான் சொல்ல வேண்டும். பட்டறைக் கதவு பூட்டியிருந்தது. அந்த நாள் வந்தபோது, மில்லில் ஆள் இறக்கிவிட்டுச் சேலத்துக்கு ஒரு வேலையாகப் போகிறேன், வாங்க என்று கௌசல்யா கூப்பிட்டாள். அதே மினி பஸ். கேட்டுக் கம்பத்தில் நசுங்கிய முகப்பைத் தட்டிச் சரிசெய்திருந்தார்கள்.

டிரைவருக்குப் பின்னால் இருந்த சீட்டில் இருவரும் உட்கார்ந்தார்கள். காலியான பஸ்ஸில் பஞ்சு வாசனை அடித்தது.  வழியில் செங்கோட்டுவேல், “ரெண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பண்ணும் சாமி, அழுத்திப் போடு” என்றார். “சரிங்ண்ணா” என்றாள் கௌசல்யா.

மகுடஞ்சாவடி தாண்டிச் சாலை இறங்கும் இடத்தில், ஒரு சைக்கிள்காரர் பெரிய புல்லுக்கட்டோடு பக்கத்து மண்பாதையிலிருந்து திடீரென்று ரோட்டில் ஏறினார்.

வசந்தாமணி பார்த்துவிட்டாள். பார்த்ததும் வலது காலைப் பலமாகத் தரையில் அழுத்தினாள். அவள் பாதம் தகரத்தில் பதிந்தபோது பஸ் ஏற்கெனவே நின்றிருந்தது. சைக்கிள்காரர் கையை உயர்த்திக் காட்டிவிட்டு மறுபக்கம் போய்க்கொண்டிருந்தார்.

அவள் பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். செங்கோட்டுவேலின் கால் அப்போதுதான் தரையைத் தொட்டது.